படுத்துக் கிடந்த எர்த் கம்பி

மகள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"அப்பா, கார் என்னைக் கிள்ளுது."

ஐப்பசி மழை தொடங்கியிருந்த நேரம். வேலையால் வந்தவள் செருப்பைக் கழற்றி, முற்றத்துக் குழாயில் காலின் சேற்றைக் கழுவிவிட்டு, வெறுங்காலோடு போய்க் காருக்குச் சார்ஜ் வயரைக் கொழுவியிருக்கிறாள். பிறகு பையை எடுக்கப் பின்கதவில் கை வைத்தபோது விரல் நுனியில் எறும்பு கடித்ததுபோல இருந்திருக்கிறது. திரும்ப வைத்துப் பார்த்திருக்கிறாள். அப்போதும் அதே கடி. அவளுக்கு அது பகிடி. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நான் நீர்ப்பாசனக் கந்தோரில் மட்டம் பார்க்கும் வேலை செய்து ஓய்வுபெற்றவன். குளத்து நீர் ஓர் அங்குலம் ஏறினாலும் இறங்கினாலும் எழுதி வைத்த கை. அதனால் எதையும் எண்ணாமல் பார்க்கத் தெரியாது. எங்கள் வீட்டில் எத்தனை சுவிச், எத்தனை பிளக் பொயின்ற், எத்தனை பல்ப் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். வீட்டில் இருக்கும் ஆட்களை எண்ணுவது அதைவிடச் சுலபம். மூன்று பேர். நான், மனைவி, எங்கள் ஒரே மகள். மருமகன் கட்டாரில் வேலை. மூன்றில் ஒன்று குறைந்தால் என்ன மிஞ்சும் என்ற கணக்கை மட்டும் நான் போட்டுப் பார்ப்பதில்லை.

மகள் குடும்பநல மருத்துவமாது. சனம் அவளை மிசி என்று கூப்பிடும். உருத்திரபுரத்திலிருந்து புறப்பட்டு, பஸ் போகாத ஒழுங்கைகளுக்குள் எல்லாம் பிள்ளைத்தாய்ச்சிகளைத் தேடிப் போகிறவள். பெற்றோலுக்கு வரிசையில் நின்று நாட்கணக்கைத் தொலைத்த காலத்துக்குப் பிறகு, மருமகன் அனுப்பிய காசோடு கடனும் எடுத்து, பழைய சின்ன மின்சாரக் கார் ஒன்றை வாங்கினாள். கார்க் கொட்டிலின் சுவரில் சார்ஜர் பெட்டி ஒன்றைப் பொருத்தி, அதற்கென்று மெயின் பலகையிலிருந்து தடித்த வயர் இழுத்துப் புதுச் சொக்கெற் ஒன்றும் வைத்தோம். அது ஆனி மாதம். மண் வெடித்துக் கிடந்த காலம். புரட்டாதி முடியும் வரையில் காரால் எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை.

முதல் மழையோடு ட்ரிப் சுவிச் விழத் தொடங்கியது.

அதைப்பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் முன் கதவுக்கு மேலே, மெயின் சுவிச்சுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. அதன் வேலை எனக்கு இலகுவாக விளங்கியது, ஏனென்றால் அது வாய்க்கால் கணக்குத்தான். மதகால் விட்ட தண்ணீர் முழுவதற்கும் கணக்கு வரவேண்டும். வராவிட்டால் எங்கேயோ வரம்பு உடைந்திருக்கிறது. அதுபோல வீட்டுக்குள் ஒரு வயரால் போகும் மின்சாரம் மற்ற வயரால் முழுதாகத் திரும்பி வரவேண்டும். இடையில் முப்பது மில்லிஅம்பியர் அளவு வேறு பாதையால் கசிந்தாலும் ட்ரிப் 'டக்' என்று விழுந்து வீடு முழுவதையும் நிறுத்திவிடும். முப்பது மில்லிஅம்பியர் ஒரு சின்னப் பல்பை எரிக்கத்தான் காணும். ஆனால் அதைவிடக் கொஞ்சம் கூடினால் ஒரு மனிதரின் நெஞ்சை நிறுத்தக் காணும்.

மழைக்கு விழுகிறது என்றால் மழைத் தண்ணீர் எங்கோ புகுந்துவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். நாங்களும் அப்படியே நினைத்தோம். மெயினை இறக்கிவிட்டுச் சார்ஜர் பெட்டிக்குக் கீழே, வயர் நுழையும் இடத்தில் ரோச் அடித்துப் பார்த்தேன். இரண்டு பல்லி முட்டை, கொஞ்சம் செத்த எறும்பு.

"பல்லிதான்," என்றாள் மனைவி. "நான் அண்டைக்கே சொன்னனான், அந்தச் சுவரிலை பல்லி சொல்லுறது சரியில்லை எண்டு. ஆர் கேட்டது?"

"பல்லி சாத்திரத்தில கார் சார்ஜருக்குப் பலன் எழுதியிருக்கோ?"

"எழுதேல்லை. அதுதான் உங்களுக்கு விளங்கேல்லை."

முட்டையை எடுத்து வேலியோரம் வைத்தோம். மகள் தலைமயிர் காயவைக்கும் மிசினால் பெட்டியைச் சுற்றிச் சூட்டுக் காற்று அடித்தாள். மழைச் சாரல் படாமல் மேலே ஒரு பிளாஸ்ரிக் பேசினைக் கவிழ்த்துக் கட்டினேன். பின்னேரம் காரைக் கொழுவிய சிறிது நேரத்தில் மறுபடியும் 'டக்'. அன்றைக்குத்தான் அவள் கார் கிள்ளுகிறது என்று சொன்னதும்.

அடுத்த நாள் காலை அவள் அரைவாசிச் சார்ஜோடு வேலைக்குப் போனாள். படலைக் கதவைத் தாண்டும்வரையில் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடும்போது கார் எந்தக் கம்பியோடும் தொடுப்பில் இல்லை, அதனால் பயமில்லை என்று எனக்குத் தெரியும். பின்னேரம் அது திரும்பி வரும், மறுபடி கொழுவப்படும், மறுபடி ஈரக்காலோடு அவள் அதைத் தொடுவாள் என்பதும் தெரியும். அதற்குள் கண்டுபிடிக்கவேண்டும்.

உடைப்பு எங்கே என்று தெரியாத வாய்க்காலில் ஒவ்வொரு மதகாக அடைத்துப் பார்ப்போம். அதே வேலையை வீட்டில் செய்தேன். கார் இல்லை. சார்ஜர் பெட்டியின் பிளக்கையும் சொக்கெற்றிலிருந்து கழற்றி வைத்தேன். இனிக் கசிவதற்கு எதுவும் இல்லை என்று நினைத்து ட்ரிப்பை உயர்த்தினேன். நின்றது. கிணற்றுப் பம்பைப் போட்டேன். கொஞ்ச நேரம் நின்றது. பம்ப் ஓட ஓட அயன் பெட்டியையும் போட்டேன்.

'டக்.'

கார் இல்லை, சார்ஜர் இல்லை. பிறகு எப்படி? ஒருவேளை பம்பில் பிழையோ என்று பம்பைக் கழற்றிவிட்டு, அயன் பெட்டியோடு தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலைப் போட்டேன். 'டக்.' கேத்தலை விட்டுவிட்டுப் பம்போடு சோற்றுக் குக்கரைப் போட்டேன். 'டக்.' பல்பும் மின்விசிறியும் மட்டும் என்றால் எவ்வளவு நேரமும் நிற்கிறது.

குசினிக்குள் தேங்காய்ச் சட்னி அரைபட்டுக்கொண்டிருந்தது பாதியில் நின்றது.

"இஞ்சாருங்கோ, இது எத்தனையாவது?"

"எட்டு."

"ஒம்பதாவது விழுந்தா நான் உங்களைத்தான் அம்மியிலை வைச்சு அரைப்பன்."

ஒரு பொருளில் கசிவு என்றால் அந்தப் பொருளைப் போடும்போது மட்டும் விழவேண்டும். இங்கே எது என்றில்லை, பாரமாக மின் இழுக்கும் எந்த இரண்டைச் சேர்த்துப் போட்டாலும் விழுகிறது. சார்ஜருக்குரிய பிரேக்கரைக் கீழே இறக்கிவிட்டும் பார்த்தேன், அப்போதும் விழுந்தது. ஆனால் இந்தப் பம்பும் இந்த அயன் பெட்டியும் எத்தனையோ மாரிகளை இந்த வீட்டில் கண்டவை. ஒருநாளும் ட்ரிப் விழுத்தியதில்லை. புதிதாக வந்தது ஒன்றே ஒன்று. காருக்கென்று இழுத்த வயரும் அதன் முனையில் இருக்கும் சொக்கெற்றும். பிரேக்கர் ஒரு வயரைத்தான் அறுக்கும், மற்ற இரண்டும் அறுபடாமல் வீட்டோடு தொடர்ந்தே இருக்கும் என்று சார்ஜரோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருந்தது. அந்த இரண்டில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். சொக்கெற்றைத் திறக்கத் துணிவு வரவில்லை.

மகள் தொலைபேசியில் சொல்லி, ஆனியில் காருக்கு வயரிங் செய்த தம்பி பின்னேரத் தேநீர் நேரம் மோட்டார் சைக்கிளில் வந்தான். கிளிநொச்சி நகரத்தில் கடை வைத்திருப்பவன், நாற்பது வயதிருக்கும், நல்ல வாய். மகளும் அன்று வெள்ளனவே வந்துவிட்டாள். காரைக் கொழுவாமல் கொட்டிலில் விடச் சொன்னேன்.

"மாரியில இது வழமை ஐயா," என்றான் அவன், பலகையை அண்ணாந்து பார்த்தபடி. "ட்ரிப் வீக்காப் போச்சு. புதுசு போட்டாலும் இந்த ஈரத்துக்கு விழும். இப்போதைக்கு ட்ரிப்பைக் கழட்டிவிட்டிட்டு நேர லைன் குடுப்பம். மழை விட்டாப்போல திருப்பிக் கொழுவலாம்."

"குடுங்கோ அண்ணை," என்றாள் மகள். "நாளைக்கு எனக்குக் கிளினிக். தாய்மார் பதினாலு பேர் வருவினம். சார்ஜ் இல்லாமல் நான் என்னெண்டு போறது?"

"ஒரு கதிரை தாங்கோ ஐயா."

பலகை கதவுக்கு மேலே இருந்தது. எங்கள் வீட்டில் ஏறி நிற்கக்கூடிய உறுதியான கதிரை ஒன்றுதான். நான் போய் அதில் இருந்துகொண்டேன்.

"ஐயா, கதிரை..."

"தரமாட்டன்."

"அப்பா!"

"நான் இதிலதான் இருக்கிறன். மற்ற மூண்டும் பிளாஸ்ரிக். அதில ஏறினா கால் விரியும், ஏறிப் பாரும்."

அவன் சிரித்தான். "மிசி, ஐயா சத்தியாக்கிரகம் துவங்கிட்டார். உண்ணாவிரதமும் இருக்கோ?"

"அது இல்லை," என்றாள் மனைவி குசினிக்குள்ளிருந்து. "சோத்து நேரத்துக்கு எழும்புவார். அதுவரைக்கும் இருந்து பாருங்கோ."

"சிரியுங்கோ," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்காத அளவு உயர்ந்துவிட்டது. "காரில கை வைச்சாக் கிள்ளுதெண்டு இவள் சொல்லுறாள். ட்ரிப்பைக் கழட்டினாக் கிள்ளுறது நிக்குமோ தம்பி? அல்லது விடாமப் பிடிக்குமோ? அதை மட்டும் சொல்லும், நான் எழும்பிறன்."

அவன் மகளைப் பார்த்தான். "கிள்ளினதோ மிசி?"

"லேசாத்தான் அண்ணை. எறும்பு மாதிரி."

அவன் சிரிப்பு நின்றது. நான் காலையில் செய்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். பிளக் கழன்றிருக்க விழுந்தது, பிரேக்கர் கீழே இருக்க விழுந்தது, பம்ப் இல்லாமலும் விழுந்தது. "கொட்டில் சொக்கெற்றைத் திறந்து காட்டும்," என்றேன்.

"அதைத் திறந்து என்ன ஐயா..." என்றவன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் என்னை எழுப்பியது. மெயின் சுவிச்சை நானே கதிரையில் ஏறி இறக்கினேன். மகள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

கொட்டிலில் அவன் நாலு திருகாணியையும் கழற்றி மூடியை எடுத்தான். உள்ளே மூன்று வயர் வருகிறது. மண்ணிறம் மின் கொண்டுவருவது. நீலம் அதைத் திருப்பிக் கொண்டுபோவது, நியூட்ரல். பச்சை மஞ்சள் எர்த் வயர், அதாவது ஏதும் கசிந்தால் மண்ணுக்குள் இறக்கிவிடுவது. நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு விரல் நீளத்தில் ஒரு துண்டுக் கம்பி பாலம்போல முறுக்கிப் பூட்டியிருந்தது.

"இது என்ன?"

அவன் திருகாணிகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "ஐயா, நான் பொய் சொல்லேல்லை. ஆனியில சார்ஜரைக் கொழுவினவுடன சிவப்பு லைற் எரிஞ்சது. எர்த் இல்லை எண்டு சொல்லுது. எர்த் இல்லாட்டி அந்தப் பெட்டி சார்ஜ் ஏத்தாது. உங்கட எர்த் கம்பி வேலை செய்யேல்லை. அதுதான் நீலத்தோட சேத்துக் காட்டினனான். பெட்டி அதை எர்த் எண்டு நம்பிப் பச்சை எரிஞ்சது. எங்கட பக்கத்தில கனபேருக்கு இப்பிடித்தான் குடுத்திருக்கு. கார் இல்லாட்டியும், வோஷிங் மெசினுக்கு."

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா? கம்பி அடிக்க விட்டிருப்பியளோ?"

விட்டிருக்கமாட்டோம்.

போர் முடிந்து நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது இந்த வளவைச் சுற்றி மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள் நின்றன. கண்ணிவெடி எடுப்பவர்கள் நாடா கட்டி, குந்தியிருந்து, சாண் சாணாகக் கிளறி முடித்துத்தான் எங்களிடம் தந்தார்கள். தரும்போது ஒருவர் சொன்னார், மேல்மண்ணைத்தான் பார்த்திருக்கிறோம், ஆழமாகத் தோண்டுவதென்றால் யோசித்துச் செய்யுங்கள் என்று. வீடு கட்டும்போது மின் வேலைக்காரர் புத்தம்புதுச் செப்புக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு வளவு முழுக்க நடந்தார். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான கம்பி. அதைச் சுத்தியலால் நிலத்தில் செங்குத்தாக இறக்கவேண்டும். இரும்பை நிலத்தில் வைத்து ஓங்கி அடிப்பது! அவரும் அடிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அத்திவாரத்துக்காக ஏற்கெனவே தோண்டியிருந்த கிடங்கில் கம்பியைப் படுக்கவைத்து மணலால் மூடினார். அதற்கு மேல் சீமெந்து நிலம் வந்தது. எங்கள் ஒழுங்கையில் பதினேழு வீடு, பதினேழிலும் கம்பி படுத்துத்தான் கிடக்கிறது. அது பிழை என்று ஒருவரும் நினைக்கவில்லை. வீடு கட்டி எவ்வளவோ காலத்துக்குப் பிறகு, பின் ஒழுங்கையில் ஒருவர் சருகு கூட்டி எரிக்க, சூட்டில் நிலத்துக்குள் ஏதோ வெடித்து அவருடைய முழங்காலுக்குக் கீழே சதை போனது. அதன் பிறகு நாங்கள் வாழைக்கன்றுக்குக் கிடங்கு வெட்டவும் யோசித்தோம்.

அந்தக் கொட்டிலில் நின்றபடியே எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. அப்போதுதான் உண்மையான பயம் பிடித்தது.

மழை எங்கும் புகவில்லை. கோடையில் அந்த மணல் காய்ந்து கிடந்தது, படுத்த கம்பிக்கும் மண்ணுக்கும் தொடுப்பே இல்லை. துண்டுக் கம்பி செய்த களவு அதனால் வெளியே தெரியவில்லை. மழை பெய்து அத்திவாரம் ஊறியதும் கம்பிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பம்பும் அயனும் இழுக்கும்போது, நீலத்தால் திரும்பவேண்டிய மின்னில் ஒரு பங்கு பாலத்தால் பச்சைக்கு மாறி மண்ணுக்குள் போனது. கணக்கு இடித்தது, ட்ரிப் விழுந்தது. அது பழுதாகவில்லை. சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கிறது.

"ஏன் அண்ணை கிள்ளினது?" என்று மகள் கேட்டாள். இப்போது அவளும் சிரிக்கவில்லை.

அவன் வெளியே வந்து தெருக்கம்பத்தைப் பார்த்தான். கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வயரில் பக்கத்து வளவுப் பனையின் காவோலை ஒன்று தொங்கிக் காற்றுக்கு உரசிக்கொண்டிருந்தது. "காத்துக்கு லைற் மங்கி மங்கி எரியுறதோ?"

"ஓம், ரெண்டு கிழமையா."

"கம்பத்தில நியூட்ரல் தொடுப்பு தளந்திருக்கும். அதுதான் நீலத்தில கொஞ்சம் மின் நிக்குது. நீலம் பச்சையோட, பச்சை கார்த் தகட்டோட. அதுதான்."

"தொடுப்பு முழுக்க அறுந்தா?"

அவன் என்னைப் பார்த்தான், மகளைப் பார்க்கவில்லை. "அறுந்தா, ஓடிக்கொண்டிருக்கிற பம்பின்ர மின் எல்லாம் திரும்ப வழியில்லாமப் பச்சைக்கு வரும். கார், ஃபிரிஜ், பம்ப் குழாய் எல்லாம். ட்ரிப் இருந்தா அந்த நேரம் விழும்."

ட்ரிப் இருந்தால். சற்று முன்பு நாங்கள் கழற்றப் பார்த்தது அதைத்தான். ஈர நிலத்தில் வெறுங்காலோடு நிற்கும் மகளுக்கும் அறுந்த கம்பிக்கும் நடுவே இருந்த ஒரே காவல் அது.

மின்சாரக் கந்தோருக்கு உடனே அறிவித்தோம். அடுத்த நாள் விடியவே ஆட்கள் வந்து அந்தக் காவோலையை வெட்டி, தொடுப்பை இறுக்கிவிட்டுப் போனார்கள். அந்தப் பகுதி முடிந்தது. ஆனால் முதல் நாள் பின்னேரமே துண்டுக் கம்பியை வெட்டியதும் சார்ஜர் சிவப்புக்குப் போய்விட்டது. இனி அது பச்சை எரியவேண்டுமென்றால் உண்மையான எர்த் வேண்டும். உண்மையான எர்த் என்றால் ஒரு கம்பி எழும்பி நின்று மண்ணுக்குள் இறங்கவேண்டும்.

"நான் அடிக்கமாட்டன் ஐயா," என்றான் அந்தத் தம்பி அன்று புறப்படும்போது. "கம்பத்தில ஏறச் சொல்லுங்கோ, ஏறுறன். எனக்கு ரெண்டு பெட்டையள்."

"நான் அடிக்கிறன்," என்றாள் மகள்.

"வாயை மூடு," என்றாள் தாய். பகிடி இல்லாமல் அவள் பேசியது அந்த இரண்டு நாட்களில் அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் மகள் கூட வேலை செய்யும் பிள்ளையின் ஸ்கூட்டரில் கிளினிக்குக்குக் கிளம்பினாள். நான் முற்றத்தில் குந்தியிருந்து, முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகு இந்த வளவில் எங்கள் கண்முன்னே ஆழமாகத் தோண்டிய இடங்கள் எவை என்று எண்ணினேன். அத்திவாரக் கிடங்கு சீமெந்துக்குக் கீழே போய்விட்டது. கிணறு பழையது, அதை இறைத்துத் துப்புரவாக்கினோம், தோண்டவில்லை. பதுங்குகுழி ஒன்று வேலிக்கரையில் இருந்தது, ஆனால் நாங்கள் இல்லாத காலத்தில் அதை யார் எதனால் மூடினார்கள் என்று தெரியாது. அந்தப் பக்கம் நான் போவதே இல்லை. மிஞ்சியது ஒன்று. மலசலகூடக் குழி. அதை நாலு பேர் வெட்ட நான் மேலே நின்று பார்த்தேன். சீமெந்து வளையம் இறக்கிச் சுற்றிவர இருந்த இடைவெளியை அதே மண்ணால் நிரப்பினோம். அந்த ஒரு முழ அகல வளையத்துக்குள் இருக்கும் மண் முழுவதும் ஒருதரம் வெளியே வந்து வெயில் கண்டது. அதோடு அங்கே எந்தக் கோடையிலும் ஈரம் காயாது.

சொன்னபோது மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஊர் முழுக்கப் பெற்றோலிலை ஓடுது, எங்கட கார் கக்கூஸிலை ஓடப்போகுது."

அந்தத் தம்பி புதுக் கம்பியும் சுத்தியலும் கொண்டு வந்தான். சுத்தியலை மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கவில்லை. இடத்தைச் சொன்னேன். ஒத்துக்கொண்டான், ஆனால் அடிப்பதற்கு இல்லை. இரண்டு பேரும் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது மனைவி ஒரு வாளி தண்ணீர் கொண்டு வந்தாள்.

"ஏன் அடிக்கிறியள்? தண்ணியை விட்டு விட்டு ஆட்டுங்கோ. பாவல் பந்தலுக்கு நான் கால் தாட்டது அப்பிடித்தான். சுத்தியலும் இல்லை, சத்தமும் இல்லை."

அவள் வார்க்க, அவன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து மேலும் கீழுமாக மெல்ல மெல்ல அசைத்தான். மண் குடித்தது, கம்பி இறங்கியது. நான் அதில் சோக்கால் அடிக்கு ஒரு கோடு போட்டிருந்தேன். முதல் கோடு மறைந்தது. இரண்டாவது, மூன்றாவது. நான் மூச்சு விடாமல் கோடுகளை மட்டும் பார்த்தேன். நாலாவது கோடு மண்ணைத் தொடும்போது அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

'டிக்.'

கம்பி நின்றது. அவனும் நின்றான். குனிந்த முதுகு அப்படியே, கை இரண்டும் கம்பியில் ஒட்டினதுபோல.

"ஐயா," என்றான், உதட்டை அசைக்காமல். "கையை எடுக்கட்டோ?"

"எடாதையும்."

மிதித்தவன் காலை எடுக்கக்கூடாது என்று எங்களுக்கு எல்லாம் தெரியும். அந்தப் பாடம் இந்த மண்ணில் எல்லாரும் படித்தது. அது கம்பிக்கும் பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. அவன் நெற்றியிலிருந்து ஒரு துளி வேர்வை விழுந்து வாளித் தண்ணீரில் கலந்தது. எங்கள் மூவரில் எவரும் பின்னால் ஓர் அடிகூட வைக்கவில்லை. துணிவால் அல்ல, கால் வரவில்லை.

"அது செங்கல்," என்றாள் மனைவி.

"என்னெண்டு தெரியும்?"

"நான்தான் போட்டனான். வீடு கட்டி மிஞ்சின உடைஞ்ச கல்லுகளைக் கடகத்தாலை அள்ளி வளையத்தைச் சுத்திக் கொட்டினனான்."

"நான் முழு நேரமும் இதிலதானே நிண்டனான்?"

"சோறு தின்னப் போனனீங்கள். எண்ண மறந்திட்டியள்."

அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மை சொல்கிறாளா, அந்த மனுசனின் கையை விடுவிக்கச் சொல்கிறாளா என்று என்னால் அறியமுடியவில்லை. இன்றுவரை கேட்கவும் இல்லை. அவன் அவளை நம்பினான், அல்லது நம்ப விரும்பினான். ஒவ்வொரு விரலாக எடுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கிளை அசையும் சத்தம்கூட இல்லை. பிறகு கம்பியை மெல்ல மேலே உருவி எடுத்து, இரண்டு சாண் தள்ளி மறுபடி தண்ணீர் வார்த்து இறக்கினோம். அங்கே அது கடைசிக் கோடு வரையில் சத்தமில்லாமல் போனது.

அங்கிருந்து கொட்டில் வரையில் குழாய்க்குள் பச்சை வயர் இழுத்து முடிய மத்தியானம் ஆனது. காரைக் கொழுவினான். சார்ஜர் தானாகவே பச்சை எரிந்தது. பம்ப், அயன், கேத்தல், குக்கர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டோம், ட்ரிப் நின்றது. பிறகு அதிலிருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினான், உடனே விழுந்தது. காரின் உடலில் ரெஸ்ரர் வைத்தான், அதன் சின்ன விளக்கு எரியவில்லை. "இனி நிம்மதியா இருங்கோ ஐயா," என்று சொல்லிவிட்டுப் போனான். கூலியை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் நிம்மதியாக இருக்கவில்லை. ரெஸ்ரர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஆனி மாதத்திலும் ஒரு பச்சை விளக்கு எரிந்ததுதானே. பின்னேரம் மழை பிடித்தது. மகள் வரும் நேரம். வந்தால் குழாயில் கால் கழுவுவாள், நேரே காருக்குப் போவாள், காலையில் விட்டுப்போன குடையை எடுக்கப் பின்கதவில் கை வைப்பாள். அந்தக் கை முதலில் படக்கூடாது என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

உள்ளே போய்ப் பம்பையும் அயன் பெட்டியையும் போட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு மழைக்குள் இறங்கினேன். முற்றத்துச் சேறு விரல்களுக்கு இடையால் ஏறியது. உள்ளங்கையால் தொட்டால் விரல் தானாக மூடிப் பிடித்துக்கொள்ளும், புறங்கையால் தொட்டால் உதறி எறியும் என்று எப்போதோ கேட்டிருக்கிறேன். புறங்கையை நீட்டினேன். காருக்கும் கைக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது கை நின்றுவிட்டது.

பின்னால் தண்ணீர் சளசளத்தது. மனைவி வந்து என் தோளில் கை வைத்தாள். அவளும் வெறுங்கால்.

"தொடாதையும்!" என்று கத்தினேன். "எனக்கு அடிச்சா உமக்கும் அடிக்கும். தள்ளிப் போம்."

"தெரியும்," என்றாள். "இந்தச் சோத்துக் குக்கர், பம்ப், ட்ரிப் எல்லாம் நான் தனிய இருந்து எண்ணேலாது. வையுங்கோ கையை."

அவள் கை தோளில் இறுகியது. நான் வைத்தேன்.

குளிர்ந்த தகடு. அதில் ஓடிய மழைநீர். வேறொன்றும் இல்லை. கையைத் திருப்பி உள்ளங்கையை வைத்தேன், பிறகு மற்றக் கையையும். இரண்டு கையும் காரில், ஒரு கை தோளில், ஆறடித் தூரத்தில் பம்பின் இரைச்சல். நாங்கள் அசையாமல் நின்றோம்.

படலையில் ஸ்கூட்டர் வந்து நின்றது. மகள் இறங்கி, தலையில் பையைப் பிடித்தபடி ஓடிவந்தாள்.

"என்ன ரெண்டு பேரும் மழைக்குள்ள? படம் எடுக்கப்போறியளோ?"

அவள் செருப்பைக் கழற்றினாள், குழாயைத் திறந்து ஒரு காலைக் கழுவினாள், மற்றக் காலைக் கழுவினாள். ஒவ்வோர் எட்டாகக் காருக்கு வந்தாள். நான் என் கைகளை எடுக்கவில்லை. அவள் பின்கதவைத் திறந்து குடையை எடுத்துக்கொண்டு, கதவை இடுப்பால் தள்ளிச் சாத்தினாள்.

"அம்மா, சோறு இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் போனாள்.